முந்தி வந்த கைத்தட்டு

ஒரே பாட்டு. இரண்டு மைதானங்கள். நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு தார்ச்சாலை, கண்ணுக்கு எட்டும் வரை தென்னை மரங்கள். பாடுகிறவர் ஒரு மைதானத்தில்தான் நிற்கிறார். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கை தட்ட வேண்டும் என்றால் எதை வேகப்படுத்த வேண்டும்?

பிளஸ் டூ முடித்த கையோடு அந்தக் கும்மியில் ஆடப் போன என்னிடம் இதைக் கேட்டவர் உஸ்மா. எனக்கு விடை தெரியவில்லை. கேட்ட அன்று அவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இது அவருடைய கதை.

உஸ்மாவுக்குக் கோயம்புத்தூர் கோட்டைமேடு. காத்திருப்பது என்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. உக்கடத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். கைப்பேசியில் வரும் குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார். அதனால் அவருடைய தோழிகள் எல்லோரும் அவருக்கு மட்டும் அணில் மாதிரிப் பேசுவார்கள். குக்கர் கடைசி விசில் அடிக்கும் வரை பொறுக்க மாட்டார். அவர் சமைக்கும் நாளில் அந்த வீட்டில் பருப்பு ஒரு விசில் குறைவாகவே வெந்திருக்கும். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவர் வேறு. அவருடைய அம்மா ஜன்னத் வீட்டுக்கு யார் வந்தாலும், இவளுக்கு அப்பவே பொறுக்கலைங்க என்று சொல்லாமல் அனுப்புவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு அமைந்த வேலையும் அப்படிப்பட்டதுதான். கம்பி இல்லாமல் காற்றில் செய்தி அனுப்பும் நெட்வொர்க்குகளை வடிவமைப்பது. இங்கே கிளம்பிய செய்தி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அதில் எங்கே வீணாகிறது, எதை வெட்டலாம் என்று பார்ப்பது. சரவணம்பட்டியில் ஒரு பெரிய கம்பெனியில் அதைச் செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு நொடியில் துளியைக் குறைப்பது பற்றிப் பேச அரை நாள் கூட்டம் போடுவார்கள். ஒரு கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவருடைய அத்தா அப்துல் மஜீத் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் கடையின் மாடியில் மேஜை போட்டு உஸ்மா சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கீழே ஒலிபெருக்கிப் பெட்டிகள், மேலே ஆன்டெனாக்கள். பல்லடம் பக்கம் காற்றாலைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள செங்காட்டுப்புதூரில் இருந்து வள்ளிக் கும்மிக்காரர்கள் மைக்செட் கேட்டு வரும் வரை.

கும்மி அரங்கேற்றம் என்றால் எங்கள் பக்கத்தில் இப்போது சின்னக் காரியம் இல்லை. டாக்டர் வருகிறார், தறி ஓட்டுகிறவர் வருகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை, ஒரே நிறத்தில் சட்டை எடுத்து, வாரக் கணக்கில் பழகி, ஒரு சாயங்காலம் வட்டம் வட்டமாக, வரிசை வரிசையாக நின்று பாட்டுக்குக் கை தட்டி ஆடுவார்கள். செங்காட்டுப்புதூரில் ஆசிரியர் சுப்பண்ணன் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். கன்றுக்குட்டியைக் கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற மனிதர். கேட்டு வந்த யாரையும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் கூட்டம் மைதானத்தில் அடங்காத அளவுக்குப் பெருகிவிட்டது. போதாததற்கு அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் பெய்த மழையில் கோயில் மைதானத்தில் கால்வாசி சேறாகிவிட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி, கொப்பரை காயப் போடும் பெரிய சிமெண்டுக் களம் ஒன்று இருந்தது. பாதிப் பேர் அங்கே ஆடலாம் என்று முடிவாயிற்று. யார் போவது? அதில்தான் வேடிக்கை. ஒவ்வொருவரும், நீங்க இருங்க, நாங்க போறோமுங்க என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரும் நகரவில்லை. கடைசியில், கடைசியாகச் சேர்ந்தவர்களே போக வேண்டியதாயிற்று. பெரும்பாலும் தறிக் குடோன்களிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள். வேலை முடிந்து, குளித்து, ஓடி வந்து பழகியவர்கள். அவர்களில் முத்தாத்தாள் என்பவர் பண்ணைக்குக் கிளம்பும்போதே பச்சைச் சேலையைப் பையில் வைத்திருப்பார். ஆடும் நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றால், இருக்கட்டுமுங்க, அதும் பழகட்டும் என்பார்.

விழாக் கமிட்டித் தலைவர் அங்கப்பன் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு இடத்திலும் கைத்தட்டு ஒன்றாக விழ வேண்டும். முன்னே பின்னே விழுந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒன்றாக விழாது என்றால் களத்துக்காரர்கள் சேலையைக் கட்டிக்கொண்டு, களத்தில் வைக்கும் திரையில் வேடிக்கை பார்க்கட்டும்.

முதலில் கம்பிதான் இழுத்தார்கள். தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று மொத்தக் கம்பியையும் மாலையாகப் போட்டுக்கொண்டு திருப்பூர் வரை போய்விட்டது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் களம் வரை கேட்க வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். ஒரு கிலோமீட்டரைச் சத்தம் காற்றில் நடந்து கடக்க மூன்று நொடி ஆகும் என்று மஜீத் சொன்னார். அதற்குள் இங்கே அடுத்த அடி முடிந்திருக்கும். அப்போதுதான் அவர், எம்பொண்ணு இருக்கா, அவளுக்குத் தாமதம்னாலே ஆகாதுங்க என்றார்.

உஸ்மா அன்றைக்கே வந்தார். அவசரத்தில் கையில் இருந்த சாதாரண வைஃபைக் கருவிகளைக் கோயில் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்றும், களத்துக் குடோன் கூரையில் ஒன்றுமாக மாட்டினார். ஒத்திகை தொடங்கியது. இந்தப் பக்கம் சுப்பண்ணன் ஒரு அடி பாட வேண்டும், களத்தில் இருந்து தெய்வாத்தாள் என்ற பெண் தன் கூட்டத்தோடு அதைத் திருப்பிப் பாட வேண்டும். அங்கே அடிக்கிற கைத்தட்டும் மைக் வழியாக இங்கே கேட்கும்.

சுப்பண்ணன் பாடினார். பதில் வரவில்லை. தயங்கினார். அதற்குள் பதில் வந்தது. அவர்கள் பாடும்போது குறுக்கே பாடுவது மரியாதை இல்லை என்று நிறுத்தினார். அவர் நிறுத்தியது அங்கே கேட்டு, அவர்களும் நிறுத்தினார்கள்.

"நீங்க எடுங்க அம்மணி" என்றார் சுப்பண்ணன் மைக்கில்.

"இல்லீங்க, நீங்க எடுங்க" என்று கொஞ்ச நேரம் கழித்து வந்தது தெய்வாத்தாளின் குரல்.

"பரவால்லீங்க, நீங்களே எடுங்க."

இப்படியே போனது. மறுபடி எடுத்தபோது, அந்தப் பக்கத்துக்காக இவர் கொஞ்சம் மெதுவாகப் பாடினார். இவர் மெதுவாகப் பாடுகிறார் என்று அவர்கள் இன்னும் மெதுவாகப் பாடினார்கள். நாலைந்து சுற்றில் கும்மி தாலாட்டாகிவிட்டது. வட்டத்தில் நின்றவர்கள் ஒரு காலைத் தூக்கிய மேனிக்குக் கொக்கு மாதிரி நின்றார்கள். பிறகு ஆட்டம் தானாக நின்றுபோயிற்று.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உஸ்மா மட்டும் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதியில் நின்றுகொண்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேலே அவர் மாட்டியிருந்த கருவியும் அதையேதான் செய்துகொண்டிருந்தது என்பது அவருக்கு அந்த நொடியில் உறைத்தது. வைஃபை என்பது பெரிய மரியாதைக்காரன். பேசுவதற்கு முன்னால், காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும். பேசினால் ஒதுங்கி நிற்கும். இரண்டு பேர் ஒன்றாக வாயைத் திறந்துவிட்டால் இருவரும் பின்வாங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வார்கள். செங்காட்டுப்புதூரைச் சுற்றி எத்தனை கோழிப் பண்ணை, எத்தனை தறிக் குடோன்! ஒவ்வொன்றிலும் கேமரா. அத்தனை கேமராவும் அதே காற்றில் பேசிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கோழிக்கும் வழிவிட்டு வழிவிட்டுத்தான் சுப்பண்ணனின் பாட்டு வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு தடவை சீக்கிரம் போகும், ஒரு தடவை வழியிலேயே நிற்கும்.

உஸ்மாவுக்கு அப்படியொரு குஷி. ஏணியில் இருந்து கடைசி நாலு படியைக் குதித்தார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த நாட்களில் அவர் கோட்டைமேட்டுக்கும் செங்காட்டுப்புதூருக்கும் ஓடிய ஓட்டத்தை விவரித்தால் நமக்கு மூச்சு வாங்கும். கோழிகள் புழங்காத வேறொரு உயர்ந்த அலைவரிசைக்கு மாறினார். நாலா பக்கமும் கத்துகிற ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் பாய்கிற தட்டு ஆன்டெனாவை வைத்தார். குறுக்கே ஆடிய தென்னை ஓலைகளைத் தோப்புக்காரர் தானே ஆள் ஏற்றி வெட்டிக் கொடுத்தார். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கேட்டுத் தயங்குவதை நிறுத்தி, இப்போது நீ, இப்போது நான் என்று முறை வைத்துக் கொடுத்தார். பாட்டைப் பெரிய பொதியாகச் சேர்த்து அனுப்பாமல் பொடிப் பொடியாக அனுப்பினார். லாரி நிறையட்டும் என்று காத்திராமல், உரித்த தேங்காயை ஒவ்வொன்றாக மொபெட்டில் அனுப்புவது மாதிரி என்று எங்களுக்கு விளக்கினார். அத்தனை மொபெட்டுக்கும் வழி காலியாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி ஒத்திகை. சுப்பண்ணன் வாயைத் திறந்தார். கண் இமைப்பதற்குள் களத்துப் பெட்டியில் பாட்டு. உஸ்மா தன் கருவியில் தாமதத்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி மேடைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் வாழ்நாளில் இவ்வளவு வெட்டியதில்லை.

ஆனால் மேடையில் சுப்பண்ணனின் முகம் சரியில்லை. அங்கே நின்று கேட்டவர்களுக்குக் கைத்தட்டு இரண்டாக விழுந்தது. முதலில் களத்தின் தட்டு, பிறகு இந்த மைதானத்தின் கடைசி வரிசைகளின் தட்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றவர்கள் முந்திவிட்டார்கள், கண்ணெதிரே நின்றவர்கள் பிந்திவிட்டார்கள். கடைசி வரிசைக்காரர்களை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்க செரியாத்தானுங்க தட்டறோம் என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். களத்தில் இருந்து முத்தாத்தாளின் குரல் மைக்கில் உற்சாகமாகக் கேட்டது: "ஏனுங்க, அங்க இன்னும் எந்திரிக்கலீங்களா?"

சுப்பண்ணன் உஸ்மாவிடம் வந்து, தலையைச் சொறிந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. நெம்ப வெசையா வருதுங்க. கொஞ்சூண்டு மெதுவாக்க முடியுங்களா?"

சமையல்காரரிடம் உப்பே போடாமல் சமைக்கச் சொன்ன மாதிரி இருந்தது உஸ்மாவுக்கு. முடியாது என்றார். என் பக்கத்தில் தாமதமே இல்லை, உங்கள் ஆட்களைச் சீக்கிரம் தட்டச் சொல்லுங்கள் என்றார். அங்கப்பன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அப்போ களத்துக்காரங்க நாளைக்கு வேடிக்கை பாக்கட்டுமுங்க. அவங்க மேல தப்பில்லை."

அந்தச் செய்தியைக் களத்தில் சொல்ல யாரும் முன்வரவில்லை. உஸ்மாவே போனார். முத்தாத்தாள் கோபப்படவில்லை. பாடம் சரியாகச் சொல்லியும் மதிப்பெண் குறைந்த பிள்ளை மாதிரி விழித்தார். "நாங்க முந்துனதுக்கா கண்ணு நிறுத்தறாங்க?" என்று கேட்டார். "பிந்துனாத்தான் தப்புன்னு நெனைச்சேன்."

உஸ்மாவும் பிறந்ததில் இருந்து அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கோபத்தோடுதான் மைதானத்துக்கு வந்தார். தன் நெட்வொர்க்கில் தாமதம் இல்லை என்று நிரூபித்தே தீர்வது என்று முடிவு. சுப்பண்ணன் பாடிய ஒத்திகைப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். களத்தில் கேட்கிற சத்தத்தைத் திரும்ப வாங்கி ஒரு காதில் இயர்ஃபோன் மாட்டிக் கேட்டார். மறு காதை மைதானத்தின் பெட்டிகளுக்குத் திறந்துவிட்டார். மேடை முன்னால் நின்றபோது இரண்டு காதிலும் ஒரே பாட்டு. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்வரிசை நோக்கி நடந்தார். சில வரிசை தாண்டியதும் பாட்டு லேசாகப் பிரிந்தது. நடு மைதானத்தில் ஒருவர் பாடுவதை இன்னொருவர் பழித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் இரண்டு தனித்தனிச் சுப்பண்ணன்கள் பாடினார்கள்.

உஸ்மா முன்னால் ஓடினார். சுப்பண்ணன்கள் ஒன்றாகிவிட்டார்கள். பின்னால் ஓடினார். பிரிந்துவிட்டார்கள். எத்தனை வேகமாக ஓடினாலும் பாட்டு தன் நடையில்தான் வந்தது. சேற்றைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் இத்தனை நாள் அளந்தது தொட்டியில் இருந்து கூரை வரை. அது நொடியில் பறந்துவிடுகிறது. ஆனால் பெட்டியில் இருந்து கடைசி வரிசையின் காது வரை பாட்டு காற்றில் நடந்துதான் வந்தது. எந்தக் கும்மியிலும் அப்படித்தான். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சிறு வித்தியாசம் எப்போதும் உண்டு. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் அதைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். களத்துக்காரர்களுக்குத்தான் பார்த்துச் சரிக்கட்ட இந்த மைதானத்து ஆட்கள் பக்கத்தில் இல்லை. அவர்களைக் கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குப் பாட்டைக் களத்துப் பெட்டியின் வாசலில் கொஞ்சம் பிடித்து வைத்து, இங்கே நடு வரிசைக்கு வந்து சேரும் நேரத்தில் அங்கே அவிழ்த்துவிட வேண்டும்.

அங்கப்பனிடம் போய், தாமதத்தைக் கூட்டப் போவதாகச் சொன்னார். அங்கப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைக் கொறைக்கறதுக்குத்தானுங்க உங்களைக் கூப்பிட்டோம்."

"கொறைச்சதாலதானுங்க இப்ப கூட்ட முடியுது. முந்தி வந்தவங்களை உக்கார வெக்கலாம். வழியிலேயே நிக்கறவங்களை எங்க போயிக் கூட்டிட்டு வர்றது?"

மஜீத் அதைக் கேட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் மகள் வாயில் இருந்து உட்கார வைக்கலாம் என்ற சொல்லை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார். அங்கப்பன் யோசித்து, முதல் பாட்டு மட்டும் பார்க்கலாம் என்றார். அது பிசகினால் களத்துக்குப் பாட்டு அனுப்பும் கருவியை அவரே அணைத்துவிடுவார்.

உஸ்மா நடு வரிசையில் போய் நின்று, கையில் இருந்த கருவியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். இரண்டு சுப்பண்ணன்களும் நெருங்கினார்கள். இன்னும் கொஞ்சம். உரசினார்கள். இன்னும் ஒரு துளி. ஒருவராகிவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டு முடியும் வரை அசையாமல் நின்றார். அவர் அசையாமல் நின்றதற்கு மண்வெட்டிக்காரர்கள் சாட்சி.

சாயங்காலம் மைதானம் பச்சையாகப் பொங்கியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களமும் பச்சை. அங்கப்பன் தொட்டிக்குக் கீழே, அந்தக் கருவியின் சுவிட்சில் கை வைத்து நின்றார். உஸ்மா நடு வரிசைக்குப் பக்கத்தில். சுப்பண்ணன் வணங்கி, எடுத்தார். முதல் கைத்தட்டு விழுந்தது.

ஒன்றாக.

அடுத்ததும் ஒன்றாக. அடுத்ததும். களத்தில் இருந்து தெய்வாத்தாள் பதில் பாடினார். யாரும் யாரையும் நீங்க எடுங்க என்று கேட்கவில்லை. பாட்டு வேகம் பிடித்தது. குதிக்கிற காலுக்குக் கீழே மைதானம் உறுமியது. மிச்சம் இருந்த சேறு தெறித்து முன்வரிசையின் பச்சைச் சேலைகளில் பொட்டு வைத்தது. ஒருவரும் கவலைப்படவில்லை. உச்சத்தில் ஒரே தட்டாகத் தட்டி, எல்லோரும் நின்றார்கள். பெட்டிகள் அமைதியாயின. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

அப்போது வாய்க்காலுக்கு அப்பால் இருந்து, தென்னை மரங்களுக்கு மேலாக, ஒரு கைத்தட்டு வந்தது. களத்துக்காரர்கள் அடித்த அதே கடைசித் தட்டு. கருவி வழியாக எப்போதோ வந்துவிட்டதுதான். காற்றில் நடந்து வந்த அசல் இப்போதுதான் வந்து சேர்ந்தது. மெல்லிசாக, களைத்துப்போன விருந்தாளி மாதிரி.

மைதானமே வெடித்துச் சிரித்தது. அங்கப்பன் சுவிட்சில் இருந்து கையை எடுத்து, அந்தத் தட்டுக்குத் தானும் கை தட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனை பாட்டு ஆடினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. கடைசிப் பாட்டுக்கு முத்தாத்தாள் ஒரு மொபெட்டின் பின்னால் ஏறி வாய்க்காலைத் தாண்டி வந்து, உஸ்மாவின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். உஸ்மாவுக்குக் கும்மி தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஆடினார். எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் கைதான் விழுந்தது.

"அந்தச் சுடிதார் போட்ட அம்மணி" என்றார் சுப்பண்ணன் மைக்கில், பாட்டின் தாளம் கெடாமல், "கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்க."

அது இரண்டு மைதானத்திலும் ஒரே நேரத்தில் கேட்டது.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கும்மியில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் நாம் கை தட்டுகிறோம். இந்தக் கதையையும் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுங்கள், அவர் இன்னொருவரிடம் தள்ளட்டும். முதலில் அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள், எதை வேகப்படுத்துவது என்று. கேட்டுவிட்டு உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள்.